'அலைந்தது போதும்' வீட்டின் விருந்தினர் புத்தகம்

1993ஆம் ஆண்டு ஜூலை இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, போர்ட்ஸ்கேல் கடற்கரையில் இருந்த வாடகை விடுமுறை வீடு தன் இடத்தை விட்டு எழுந்து கடலுக்குள் போனது. உள்ளே மோதர்வெல்லிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ரோனா கார்மைக்கேலும் அவளுடைய ஒன்பது வயது மகள் எஃபியும் இருந்தார்கள். அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி இருந்தது. மேற்குக் காற்று, லேசான தூறல். ஹெரிங் மீன் முந்தின நாள் விலைக்கே போனது. கொடிக்கயிற்றின் ஒரு முனை வீட்டுச் சுவரிலும் மறுமுனை தோட்டத்துக் கம்பத்திலும் கட்டியிருந்ததால், கொஞ்ச தூரம் கம்பமும் கூடவே போய், பிறகு மனம் மாறி நின்றுவிட்டது. மூன்று ஜோடிக் காலுறைகள் அதில் தொங்கின.

அந்த வீட்டு வாசலில் 'அலைந்தது போதும்' என்று ஒரு பலகை உண்டு. எடின்பரோவில் இருக்கும் உரிமையாளர் மிஸ் அக்னஸ் டால்ரிம்பிளின் தகப்பனார் மாட்டியது. மிஸ் டால்ரிம்பிள் கடிதம் மூலமே வாடகைக்கு விடுகிறவர். செவ்வாய்க்கிழமைகளில் அவர் இங்கே வந்ததே இல்லை. பத்திரிகை விளம்பரத்தில் 'கடலுக்கு மிக அருகில்' என்று போட்டிருப்பார், அதில் பொய் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சாவி, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும், வந்தபோது இருந்தபடியே பெருக்கித் துடைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். இதுதான் ஒப்பந்தம். வீடும் ஒப்பந்தத்தை மதித்தது. கோடைக்காலச் செவ்வாய் தோறும் பதினொன்று பத்துக்குக் கிளம்பும், சனிக்கிழமை பத்து மணிக்குள் திரும்பிவிடும். கடல் ஏற்ற இறக்க அட்டவணைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று துறைமுகக் கண்காணிப்பாளர் எழுத்துப்பூர்வமாகவே தெரிவித்திருக்கிறார்.

வந்தவர்களை நாங்கள் எச்சரித்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. விடுமுறைக்கு வந்த குடும்பத்திடம் வலியப் போய், நீங்கள் தங்கியிருக்கிற வீட்டைப் பற்றி ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. அவர்களாகக் கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்டதில்லை.

வீடு கிளம்பிய நேரத்தில் ரோனாவின் கணவன் டூகல் கார்மைக்கேல் பால் வாங்கப் போயிருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். பதினாறு வயதிலிருந்து, யாரும் யாரோடும் பேசாத ஒரு பெட்டிக்குள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததால் வந்த பழக்கமோ, பிறவியோ, எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. பரவாயில்லை. கல்யாணத்தன்று ரோனா வெள்ளை உடையில் வந்து நின்றபோது பரவாயில்லை என்றான். மகள் பிறந்ததும் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றான். எங்கள் பக்கத்து ஆண்களிடம் இது பெரிய பாராட்டு. இருந்தாலும் பதினாலு வருஷம் இதையே கேட்டால் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். வடக்கே, லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் ரோனாவின் அக்கா இருந்தாள். மாடியில் இரண்டு அறை காலி, ஆகஸ்ட் நடுவில் பள்ளிக்கூடம் திறக்கிறது, எஃபியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அவள் எழுதிய கடிதம் ரோனாவின் கைப்பையில் இருந்தது. அதை டூகலும் படித்திருந்தான். இந்த விடுமுறைக்குள் முடிவெடுக்கிறேன் என்று ரோனா சொல்லியிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சியைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் போயிட்டா உனக்கு ஏதாச்சும் ஆகுமா, டூகல்?"

டூகல் மேசையில் இருந்த ஜாடியை எடுத்து உள்ளே பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அந்த நேரத்தில் அவன் நெஞ்சில் என்னென்னவோ எழுந்து தொண்டை வரைக்கும் வந்தது என்று பிற்பாடு தெரிய வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"பால் தீந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கடை ஒரு மைல் தூரம். பாலும் ஆறு ரொட்டி உருண்டைகளும் வாங்க ஐந்து நிமிடம் ஆனது. மழையைப் பற்றிக் கடைக்காரப் பெண்மணி பெகி மெக்ராத்திடம் பேச முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது அவனுடைய கார் இருந்தது, தோட்டச் சுவர் இருந்தது, சாய்ந்த கம்பமும் காலுறைகளும் இருந்தன. வீடு இருந்த இடத்தில் நீள்சதுரமாக உலர்ந்த மண். அதன்மேல் ஒரு தேக்கரண்டி, ஒரு பழைய சீட்டுக்கட்டின் ஜோக்கர், அறுபது வருஷத்துத் தூசி. தப்பான சந்தில் திரும்பிவிட்டோமோ என்று அவன் சாலை வரைக்கும் போய்த் திரும்பவும் நடந்து வந்து பார்த்தான். சந்து சரியாகத்தான் இருந்தது. கடலில், கொஞ்ச தூரத்தில், புகைபோக்கி புகைந்துகொண்டு போனது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான் என்று அந்த நேரம் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சாண்டி லாமண்ட் சொல்கிறார். ஆனால் டூகல் கத்தவில்லை. பாலைச் சுவர்மேல் வைத்தான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு ஒரு மைல் நடந்து கடைக்கே வந்து, முன்னால் இருந்த இரண்டு பேர் சாமான் வாங்கி முடிக்கும் வரை வரிசையில் நின்றான்.

"மன்னிக்கணும் மிஸஸ் மெக்ராத், உங்களத் தொந்தரவு பண்றேன். எங்க வீட்டக் காணோம்."

பெகி நாட்காட்டியைப் பார்த்தார். "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையாச்சே, தம்பி. அது போற நாளு. விருந்தாளிப் புத்தகம் படிக்கலையா நீங்க?"

"உள்ள என் சம்சாரமும் பொண்ணும் இருக்காங்க."

"இருக்கட்டும். அடுப்பு இருக்கு, படுக்க இடமிருக்கு. ஒழுகாது, ரொம்ப நல்ல வீடு அது." பிறகு அவன் காதுகள் வெளுத்துப் போயிருந்ததைக் கவனித்து, கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டார். "கிளம்புறதுக்கு முன்னாடி அவகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

"பால் தீந்துடுச்சுன்னு."

பெகி சுத்தமாக இருந்த மேசையை இன்னொரு முறை துடைத்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய விருந்தினர் புத்தகங்களை எடுத்து வந்து அவன் முன் வைத்தார். புத்தகம் நிரம்பியதும் அதைக் கடையில் வைத்துவிட்டு வீட்டில் புதிது வைப்பது வழக்கம். 1951லிருந்து நாலு புத்தகங்கள். உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து டூகல் படிக்க ஆரம்பித்தான். எல்லாம் அங்கேதான் இருந்தது, நாற்பது வருஷமாக. சொல்லக்கூடாததைச் சொல்லாமல் சொல்வதில் எங்கள் நாட்டுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. 1956, பெர்த் நகரத்துக் குடும்பம்: 'காட்சிகள் அருமை. ஒவ்வொரு நாளும் வேறு காட்சி.' 1962, ஏர் நகரத்துப் பாதிரியாரும் மனைவியும்: 'மிகவும் ஒதுக்கமான இடம். அக்கம்பக்கத்தார் தொல்லை அறவே இல்லை.' 1968: 'புதன்கிழமை கொஞ்சம் ஆட்டம். நாய்க்குச் சேரவில்லை.' 1974: 'திமிங்கிலம் ஒன்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தது. ஜன்னல் துடைக்க நல்ல துணி இருந்தால் உதவியாக இருக்கும்.' 1981: 'தேநீர் வடிகட்டி உடைந்திருக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.' இதையெல்லாம் வந்த முதல் நாளே படித்திருந்தாலும் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. எழுதியவர்களின் நோக்கமும் அதுதான்.

1984இல் ஒரு பக்கம் வந்தது. கிர்கால்டியைச் சேர்ந்த போலக் தம்பதி. மனைவியின் கையெழுத்தில், 'மிகவும் நிம்மதியான வாரம். கண்டிப்பாக மறுபடி வருவோம்' என்று இருந்தது. அதில் 'வருவோம்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'வருவேன்' என்று திருத்தியிருந்தது. டூகல் அந்தப் பக்கத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா, அவ வீட்டுக்காரரு ஃபாரோ தீவுல இறங்கிட்டாரு" என்றார் பெகி. "ஸ்டோர்னோவே, ஃபாரோன்னு அங்கங்க ஒரு ரெண்டு மணி நேரம் நிக்கும். இறங்கணும்னு நெனைக்கிறவங்க இறங்கிக்கலாம். நலமா இருக்கேன்னு ஒரு அட்டை வந்துச்சு. அவ்வளவுதான். தம்பி, வீடு திரும்பி வரும். வீடு ஒரு தடவகூட வராம இருந்ததில்ல. ஆளு வர்றது அவங்கவங்க இஷ்டம்."

ஸ்டோர்னோவே என்ற பெயரைக் கேட்டதும் டூகல் எழுந்து நின்றான், மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்தான். ஒரு டஜன் உருளைக்கிழங்கு நசுங்கியது. மன்னிப்புக் கேட்டான்.

அடுத்த மூன்று நாளும் அவன் கடைப் பின்னறையில் தங்கினான். தினமும் கடை திறந்ததும் புதிதாக ஒரு புட்டி பால் வாங்கிக்கொண்டு கரைக்குப் போவான், கடை மூடும்போது திரும்புவான். வீடு முன்கூட்டியே வந்துவிட்டால் பால் கெட்டுப் போயிருக்கக் கூடாது என்பது அவன் கணக்கு. ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பார்லி சூப் கொடுத்தார்கள், குடை கொடுத்தார்கள், மிட்ஜ் கொசுவுக்குப் பூசத் தைலம் கொடுத்தார்கள். வீட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நாகரிகமான ஊர். புதன்கிழமை மாலை தீவுப் படகின் தலைவர், ஸ்கை தீவுக்கு மேற்கே வீட்டைத் தாண்டிப் போனதாகவும் ஒரு சிறுமி மாடி ஜன்னலிலிருந்து கையசைத்ததாகவும், பதிலுக்குத் தான் முறைப்படி ஒரு முறை சங்கு ஊதியதாகவும் கடையில் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார். வியாழக்கிழமை பிற்பகல் தபால் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. வீடு ஸ்டோர்னோவே துறைமுக வாசலில் நிற்கிறது. கரையில் ஒரு பெண் இரண்டு குடைகளோடு காத்திருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை, நல்ல மூடுபனி, இணைப்பும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. ஆனால் வீடு இருந்த நீள்சதுரத்தில் மட்டும் ஒரு துளி விழவில்லை. கூரை இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்குக் கூரையின் பழக்கம் இருந்தது. டூகல் அதற்குள் போய், சமையலறை இருந்த இடத்தைக் காலடியால் அளந்து, தான் அன்று உட்கார்ந்திருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தான். எதிரே அடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தான் என்று சாண்டி லாமண்ட் சொன்னார். என்ன பேசினான் என்று கேட்டதற்கு, சத்தம் வரவில்லை, முதல் எழுத்திலேயே நின்று நின்று போனது, பார்க்கவே சங்கடமாக இருந்தது, திரும்பிக்கொண்டுவிட்டேன் என்றார்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே டன்டீயிலிருந்து அடுத்த குடும்பம் வந்து இறங்கியது. ஒகில்வி தம்பதி, மூன்று பிள்ளைகள், ஒரு ஸ்பேனியல் நாய். நாலு மணிக்குத்தான் சாவி என்றாலும் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். வீடு இல்லாததைப் பார்த்துவிட்டு, தாங்கள் சீக்கிரம் வந்துவிட்டதுதான் தப்பு என்று நினைத்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்தோம். தற்செயலாக வந்தது போலத்தான் வந்தோம். நாய் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாதிரியார் வந்தார், காவலர் வந்தார், பெகி கடையைச் சாத்திவிட்டு வந்தார். டூகல் தண்ணீர் ஓரத்தில் ஐந்தாவது புட்டிப் பாலோடு நின்றான்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீடு வந்து தன் இடத்தில் அமர்ந்தது. ஒரு கிழவர் நாற்காலியில் உட்காரும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். சுவரில் ஜன்னல் உயரத்துக்குப் பாசி. கதவு சாத்தியிருந்தது. புகை இல்லை. உள்ளே எந்த அசைவும் இல்லை. டூகலின் கையிலிருந்த புட்டி சரிந்து காலணிமேல் கொஞ்சம் பால் சிந்தியது, அவன் கவனிக்கவில்லை. போலக்கின் மனைவி அன்று எழுதியதைப் படித்தவர்கள் எங்களில் பலர். நாங்கள் நாய்களைப் பார்த்துக்கொண்டோம்.

அப்போது மாடி ஜன்னல் திறந்து எஃபி தலையை நீட்டினாள். கையில் ஒரு பெரிய திமிங்கிலப் பல்.

"அப்பா, இத வச்சுக்கலாமா? அம்மா உன்னக் கேக்கச் சொன்னாங்க."

பிறகு கீழே சமையலறை ஜன்னலில் ரோனா வந்து நின்றாள். கதவைத் திறக்கவில்லை. முகம் காற்றில் கறுத்திருந்தது. கையில் விருந்தினர் புத்தகம்.

"ஸ்டோர்னோவேல ரெண்டு மணி நேரம் நின்னுச்சு" என்றாள். "அக்கா குடையோட வந்து நின்னா. கதவத் தெறந்து வச்சிட்டு வாசப்படியிலேயே உக்காந்திருந்தேன்."

"இறங்கலையா?" என்றான் டூகல்.

"இறங்கல. பதில் வராம இறங்குறது சரியாப் படல. ஒரு கேள்வி கேட்டேன், பதிலா பால்னு ஒண்ணு வந்துச்சு. அதுல என்ன முடிவெடுக்கிறது? இப்பவும் அக்காவுக்கு ஃபோன் பண்ணா நாளைக்குப் படகுல போயிடலாம். பத்து மணிக்கு நான் வீட்டக் காலி பண்ணணும், டூகல். அதுக்குள்ள சொல்லு."

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடம் இருந்தது. டூகல் வாயைத் திறந்தான்.

"மழ விட்டுடுச்சு" என்றான்.

ரோனா ஜன்னலைச் சாத்தப் போனாள். அப்போதுதான் அது நடந்தது. அங்கே இருந்தவர்கள் முப்பத்தொரு பேர், எல்லோரிடமும் கேட்டு உறுதி செய்த பிறகே இங்கே எழுதப்படுகிறது. டூகல் கார்மைக்கேல் ஜன்னலுக்கு நேர் எதிரே வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, தன் மனைவியிடம் பேசினான்.

"ஆகும், ரோனா. நீ கேட்டியே, ஏதாச்சும் ஆகுமான்னு. ஆகும். நாலு நாளா எனக்கு எதுவும் தொண்டையில இறங்கல. ராவெல்லாம் உக்காந்தே இருந்தேன். கல்யாணத்தன்னிக்கு உன்னப் பாத்ததும் எனக்குக் கால் நடுங்கிச்சு, பரவாயில்லன்னு சொல்லித் தொலச்சேன். எஃபி பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட்ட ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தி வச்சு அழுதேன். உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரொம்ப. நீ போயிட்டா எனக்குப் பரவாயில்ல இல்ல."

போர்ட்ஸ்கேலில் இதற்கு முன் இப்படி ஒன்று நடந்ததில்லை. வீடுகள் கடலுக்குப் போயிருக்கின்றன, 1938இல் ஒரு மாடு மூன்று வாரம் தேவாலயக் கோபுரத்தில் மிதந்திருக்கிறது. ஆனால் மோதர்வெல்லிலிருந்து வந்த ஒரு வயது வந்த ஆண், பட்டப்பகலில், போதையில்லாமல், ஊர் முன்னால், கட்டின மனைவியைப் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் முறை. ஒரு வினாடி கடல்கூட அலையடிக்கவில்லை. பாதிரியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், எதைத் துடைப்பது என்று தெரியாமல் நாயைத் துடைத்தார். சாண்டி லாமண்டின் வாயிலிருந்து புகைக்குழாய் விழுந்தது. ஒகில்வி பாய்ந்து காருக்குள் போய்ப் பிள்ளைகளின் காதைப் பொத்தினார், இரண்டு கை மூன்று பிள்ளை என்பதால் நடுப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டது. தபால் நிலையத்து மிஸ் ஐசோபெல் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார், அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. காவலர் குறிப்பேட்டைத் திறந்து, எந்தச் சட்டப் பிரிவு என்று யோசித்து, பிரிவு எதுவும் இல்லை என்று கண்டு, முகம் சிவந்து மூடிவிட்டார். பெகி மெக்ராத் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் கொஞ்ச நேரம் குலுங்கின. மிட்ஜ் கொசு என்று பிறகு சொன்னார்.

எல்லோரையும்விட அதிர்ந்து போனது ரோனாதான். பிடித்திருந்த ஜன்னல் சட்டம் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், அவளுக்கும் முதல் எழுத்திலேயே நின்றது. அவளும் எங்கள் நாட்டுக்காரிதான்.

"பால் கொண்டாந்தியா?" என்றாள் கடைசியில்.

டூகல் புட்டியை உயர்த்திக் காட்டினான். பாதிக்குமேல் இருந்தது.

"அப்ப உள்ள வா. தரைய நீ பெருக்கு, நான் பாத்திரத்தக் கழுவுறேன். மூணு நிமிஷந்தான் இருக்கு. எஃபி, அந்தப் பல்ல வச்சுக்கோ."

பத்து அடிக்க அரை நிமிடம் இருக்கும்போது மூவரும் வெளியே வந்தார்கள். தரை பெருக்கியிருந்தது, குப்பை வெளியே வைத்திருந்தது, ஜன்னல் சட்டத்தை டூகல் பொருத்தி ஆணியும் அடித்திருந்தான். வாசலைத் தாண்டும்போது ரோனா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதையும் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தது. ஒகில்வியின் மனைவி உள்ளே போய் முதல் காரியமாக விருந்தினர் புத்தகத்தைத் திறந்தார். மை காயாத ஒரு பக்கம் இருந்தது. நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்ட முதல் உபயோகமான தகவல் அதுதான்: 'செவ்வாய்க்கிழமைக்கு முன்பே பால் வாங்கி வைத்துக்கொள்ளவும். வாங்கப் போகிறவர்கள் பதினொன்று பத்துக்குள் திரும்பிவிடவும்.'

ஒகில்வி குடும்பம் ஏழு புட்டி பால் வாங்கி வைத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை வீடு கிளம்பியபோது ஸ்பேனியல் உட்பட எல்லோரும் உள்ளே இருந்தார்கள். திரும்பி வந்து, காட்சிகள் பரவாயில்லை என்று எழுதினார்கள்.

கார்மைக்கேல் குடும்பம் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அதே வாரம் வருகிறது. வீடு கிளம்பும்போது மூவரும் உள்ளே இருப்பார்கள். ஸ்டோர்னோவேயில் அக்கா துறைமுகத்துக்கு வந்து, தங்கையிடம் பேச்சுக் கொடுத்து, சர்க்கரை மிட்டாய் ஒரு தகர டப்பா நிறைய ஏற்றி அனுப்புவாள். எஃபி வளர்ந்து, கடல் உயிரியல் படிக்கப் போய், அந்தப் பல்லை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் 1993 என்று யாரும் சொல்வதில்லை, மோதர்வெல்காரர் பேசிய வருஷம் என்றால்தான் புரியும். டூகல் அதோடு நிறுத்தவும் இல்லை. நாலு நாள் கடலில் இருந்துவிட்டு வீடு கரை சேர்ந்ததும், முதலில் இறங்கி, ரோனாவுக்குக் கை கொடுத்து, ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறான். அதனால் ஜூலை நாலாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள், மறுநாள் காலை பத்து மணி சுமாருக்குக் குழந்தைகளையும் இதயக் கோளாறு உள்ளவர்களையும் கடற்கரைக்கு அழைத்து வர வேண்டாம் என்று தேவாலய அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்படும். மற்றவர்கள் வழக்கம் போல நாயோடு தற்செயலாகப் போவோம். வீடு வந்து அமரும். அவன் பேசுகிற அந்த ஒரு நிமிடம் மட்டும் நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல், கடலைக் காட்டி, மழை வரும் போலிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்போம்.